எந்த ஏழுமலை?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. பேச்சுக்குச் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷமாகக் கரண்ட் கம்பம் ஏறுகிறவன் நான், கண்ணுக்குத் தெரியாமல் இருந்து ஆளை அடித்துப் போடுகிற ஒன்று உண்டு என்றால் அது கம்பியில் ஓடுவதுதான், அதற்குமேல் பயப்பட எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் வடக்கனந்தலில் எவனாவது புளியமரத்தில் வெள்ளையாக எதையோ பார்த்தேன் என்று வந்தால், "மரத்தடியில இன்னா குடிச்ச?" என்று மூஞ்சிக்கு நேராகக் கேட்பேன். நீங்களும் இப்போது என்னை அப்படித்தான் பார்க்கிறீர்கள். பாருங்கள், பரவாயில்லை. நான் சொல்லப்போவது நடுராத்திரியில் நடந்ததும் இல்லை, சுடுகாட்டில் நடந்ததும் இல்லை. பகல் பதினொன்றரை மணிக்கு, மாவு மில் வாசலில் பொம்பளைகள் பேசுகிற சத்தம் காதில் விழுகிற தூரத்தில் நடந்தது.

என் பேர் ஏழுமலை. இதில் ஒரு விசேஷமும் கிடையாது, எங்கள் பக்கம் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளையில் பாதிக்கு இதே பேர்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்று "ஏழுமலை" என்று கத்தினால் நாலு பேர் திரும்புவார்கள். அதனால் தொழிலை முன்னால் சேர்த்துத்தான் ஆளை அடையாளம் சொல்வார்கள். நான் கரண்ட் ஏழுமலை. நான் பார்க்கிற லைன் வெள்ளிமலையையும் தாண்டி உள்ளே போகிறது, அது முடிகிற கடைசி ஊரின் பேரைச் சொல்லமாட்டேன், சொன்னால் நாளைக்கே வண்டி எடுத்துக்கொண்டு போய் அந்தக் கம்பத்தைப் போட்டோ பிடிப்பீர்கள். அந்த ஒரு ஊரில் மட்டும் இன்னும் மூன்று ஏழுமலை. வெள்ளிமலையிலிருந்து ஆள் ஏற்றி வருகிறவர் ஜீப் ஏழுமலை. சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவர் ஊசி ஏழுமலை. சாமையும் தினையும் அரைத்துக் கொடுக்கிற மில் வைத்திருப்பவர் மில் ஏழுமலை.

இதனால் படுகிற பாடு கொஞ்சமா? போனை எடுத்தால் "கொழந்தைக்கு வயித்தால போவுது, இன்னா மாத்திர குடுக்கறது?" என்பார்கள் என்னிடம். ஊசிக்கு போன் போட்டு "பீஸ் போயிடிச்சி, எப்ப வர்ற?" என்பார்கள். ஜீப்பைக் கூப்பிட்டு அரை மூட்டை சாமையை அரைத்து வைக்கச் சொன்ன கதையும் உண்டு. நாங்கள் நாலு பேரும் ஒன்றாக டீக்கடையில் உட்கார்ந்தால் யாரை யார் ஏழுமலை என்று கூப்பிடுவது? ஜீப் ஏழுமலைதான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒருவரை ஒருவர் "பேரு" என்று கூப்பிட்டுக்கொள்வோம். "இன்னா பேரு, சாப்டியா?" "வா பேரு, டீ குடி." அவ்வளவுதான். ஏழுமலை என்ற பேர் இல்லாத எவரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, என் பெண்டாட்டி உட்பட. இதை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகை மாதம். மழையும் காற்றும் அடித்து அந்த ஊருக்கு இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. காலையிலேயே ஊசி ஏழுமலை போன் போட்டுவிட்டார்.

"பேரு, பிரிட்ஜுல கொழந்தைங்க தடுப்பூசி மருந்து இருக்குது. ஐஸ் கரைஞ்சிக்கினே போவுது. இன்னிக்கி நீ வரலன்னா எல்லாத்தயும் கொட்டணும், பேரு."

அவர் வைத்ததும் மில் ஏழுமலை. "மூட்டய வாசல்ல போட்டுக்கினு பொம்பளைங்க ரெண்டு நாளா குந்திக்கினு இருக்காங்க. என்னை வாயில போட்டு மென்னுக்கினு இருக்காங்க பேரு, சீக்கிரம் வா."

என்னோடு வரவேண்டிய ஹெல்பருக்குக் காய்ச்சல். தனியாகக் கம்பம் ஏறக்கூடாது, அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் கிளம்பினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போதே பனிமூட்டம், வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு வளைவாகப் போனேன். வெள்ளிமலையில் ஒரு டீ குடித்துவிட்டு உள்ளே போனால், ஊருக்குக் கொஞ்சம் முன்னால், மேட்டில், பலாமரத்துப் பக்கத்தில் இருக்கிற கம்பத்தில்தான் கோளாறு. ஒரு கம்பியையும் இன்னொரு கம்பியையும் சேர்க்கிற துண்டுக்கம்பி, ஜம்பர் என்போம், அது அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷ வேலை.

இங்கே எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. லைனில் கை வைக்கும் முன்னால் அடிவாரத்து சப்ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி லைனை நிறுத்தச் சொல்லவேண்டும். இதற்கு எல்.சி. வாங்குவது என்று பேர். அவர்கள் நிறுத்திவிட்டு ஒரு நம்பர் கொடுப்பார்கள். வேலை முடிந்து கீழே இறங்கியதும், எவன் எல்.சி. வாங்கினானோ அவனே மறுபடி போன் பண்ணி, தன் பேரையும் அந்த நம்பரையும் சொல்லி, "வேலை முடிஞ்சிச்சு, லைன் வுடுங்க" என்றால்தான் லைனில் மறுபடி கரண்ட் விடவேண்டும். மேலே தொங்குகிறவனுடைய உயிர் அந்த ஒரு போன் பேச்சில்தான் இருக்கிறது, நான் மிகைப்படுத்தவில்லை.

அன்று சப்ஸ்டேஷனில் ட்யூட்டியில் இருந்தவர் தாஸ் என்று ஒருத்தர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், மாற்றலாகி வந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. கம்பத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் ஏறி நின்றால்தான் போனில் டவர் கிடைக்கும், ஊரில் எல்லோரும் அதை டவர் பாறை என்றே சொல்வார்கள். அதில் நின்றுதான் பேசினேன்.

"ஏழுமலை பேசறன் சார். மலை லைனுக்கு எல்.சி. வேணும்."

"இருங்க அண்ணாச்சி... ம், நிப்பாட்டியாச்சு. நம்பர் பதினேழு. எழுதிக்கிடுங்க."

உள்ளங்கையில் பேனாவால் பதினேழு என்று எழுதிக்கொண்டேன். போனை வண்டிப் பையில் போட்டேன். எர்த் ராடு என்று ஒன்று உண்டு, கம்பியில் மாட்டி மறுமுனையைப் பூமியில் இறக்கிவிட்டால், தப்பித்தவறி எவனாவது லைன் விட்டால்கூட கரண்ட் தரைக்குப் போய்விடும், ஆள் பிழைப்பான். அதுவும் வண்டியில்தான் இருந்தது. எடுக்கவில்லை. பத்து நிமிஷ வேலைதானே என்ற திமிர், வேறென்ன? அந்தத் திமிருக்கு இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

ஏறினேன். பெல்ட்டை மாட்டிக்கொண்டு மேலே நின்றால் கீழே தரை தெரியவில்லை. கம்பம் பாதிக்குமேல் பனிக்குள் போய்விட்டது, பலாமரம் கறுப்பாக ஒரு திட்டு, அவ்வளவுதான். மில் பக்கம் பொம்பளைகள் யாரையோ திட்டிச் சிரிப்பது மட்டும் நன்றாகக் கேட்டது. ஜம்பரை இழுத்து ஒரு முனையைக் கட்டி முடித்தேன். மறுமுனைக்காகக் கை நீட்டுகிறேன், அப்போதுதான் கீழேயிருந்து கூப்பிட்டது.

"பேரு! எறங்கு பேரு."

பதற்றமாகக்கூட இல்லை. போகிற போக்கில் வண்டியை நிறுத்தி ஒருத்தன் கூப்பிட்டது மாதிரி. எனக்கு எரிச்சல். வேலை நடுவில் யார் கூப்பிட்டாலும் எனக்கு எரிச்சல்தான்.

"யாரு பேரு அது? ஜீப்பா?" என்று கத்தினேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அதே குரல், ஆனால் அதே மாதிரி இல்லை. தொண்டை கிழிகிற மாதிரி, அழுகிற மாதிரி.

"எறங்கு! எறங்குன்னா எறங்குடா! நம்ம பேர்ல லைன் வுடப்போறான்!"

நம்பினால் நம்புங்கள், அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் பெல்ட்டைக் கழற்றியது. ஜம்பரின் மறுமுனையை அப்படியே தொங்க விட்டு, கட்டிங் பிளேயரைக் குறுக்குச் சட்டத்தின் மேலேயே வைத்துவிட்டு, முழங்கால் தேய இறங்கினேன். இறங்கும்போது கீழே டவர் பாறைப் பக்கமாக யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது, செருப்பு பட்பட்டென்று ஈரத்தில் அடிக்கிற சத்தம்.

தரையில் கால் வைத்தால் ஒருத்தரும் இல்லை. "யோவ்! யாருய்யா அது?" என்று கத்தினேன். பலாமரத்தைச் சுற்றி வந்தேன், ஆள் இல்லை. சரி, எவனோ விளையாடிவிட்டான் என்று எனக்கு வந்ததே கோபம், கையில் கிடைத்திருந்தால் அவனைப் பிய்த்திருப்பேன். பீடி ஒன்றைப் பற்ற வைத்து இரண்டு இழுப்பு இழுத்தேன். பெல்ட்டை மறுபடி எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டு கம்பத்தில் கை வைக்கப் போனேன்.

டமார் என்று ஒரு சத்தம். பனி முழுக்க நீலமாகிப்போனது. வாயிலிருந்த பீடி கீழே விழ, நான் பின்னால் சாய்ந்து புல்லில் உட்கார்ந்துவிட்டேன். தொங்க விட்ட ஜம்பர் சட்டத்தில் பட்டு வெடித்திருக்கிறது. என் கட்டிங் பிளேயர் மேலேயிருந்து என் காலடியில் வந்து விழுந்தது, அதன் வாய் உருகி ஒரு பக்கம் கரைந்துபோயிருந்தது. இன்றைக்கும் வீட்டில் வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன். அதைப் பிடித்திருக்கவேண்டிய கையைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஓடிவந்தது மில் ஏழுமலை. வேட்டி அவிழ, மூச்சு வாங்க, "பேரு! உசுரோட இருக்கியா பேரு?" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அவர் சொல்லித்தான் என்ன நடந்தது என்று தெரிந்தது. மில் கூரைமேல் ஏறினால் அவருக்கும் கொஞ்சம் டவர் கிடைக்கும். பொம்பளைகள் தொல்லை தாங்காமல் கூரைமேல் ஏறி நேராக சப்ஸ்டேஷனுக்கே போன் போட்டிருக்கிறார், நம்பர் நான்தான் எப்போதோ கொடுத்தது.

"நான் கேட்டதுதான் பேரு கேட்டேன். ஏழுமலை பேசறன் சார், வேல முடிஞ்சிச்சா, லைன் வுடுவீங்களான்னு கேட்டேன். சத்தியமா 'முடிஞ்சிச்சா'ன்னுதான் கேட்டேன்!"

அந்தக் கரகர போனில் தாஸ் காதில் அது "முடிஞ்சிச்சு, லைன் வுடுங்க" என்று விழுந்திருக்கிறது. பேர் ஏழுமலை. எல்.சி. வாங்கினதும் ஏழுமலை. முடிந்தது கதை. ஒரு எழுத்து, ஐயா. ஒரு 'சா'வுக்கும் ஒரு 'சு'வுக்கும் நடுவில் நான் செத்திருப்பேன்.

"சரி வுடு. கீழ நின்னு என்னை எறங்கச் சொன்னது நீதான?" என்றேன்.

"நானா? நான் கூரமேல இல்ல இருந்தேன்? வெடிச்ச சத்தம் கேட்டுத்தான் எறங்கி ஓடியாறேன்."

மில் வாசலில் இருந்த அத்தனை பொம்பளைகளும் அதையேதான் சொன்னார்கள். ஊசி ஏழுமலை நர்ஸம்மாவோடு சேர்ந்து மருந்தை ஐஸ் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார், இடத்தைவிட்டு நகரவே இல்லை. ஜீப் ஏழுமலை காலையிலேயே கள்ளக்குறிச்சியில் மெக்கானிக் ஷெட்டில். "பேரு" என்று என்னைக் கூப்பிடக்கூடிய ஆள் இந்த மூன்று பேர்தான், மூன்று பேரும் அங்கே இல்லை.

மற்ற எதையும் பிறகு பார்ப்போம் என்று, உருகின பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு நேராக அடிவாரத்துக்கு வண்டியை விட்டேன். தாஸை நாலு அறை விடவேண்டும் என்றுதான் போனேன், மறைக்கவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் அந்த மனிதர் எழுந்து நின்றார், மூஞ்சியில் ரத்தமே இல்லை.

"நம்பர் கேட்டியா நீ? லைன் வுடறதுக்கு முன்னாடி நம்பர் கேக்கணும்னு தெரியாதா? இன்னா மனுசன்யா நீ? எனக்கு வூட்ல பொண்டாட்டி புள்ள இருக்குது!"

"அண்ணாச்சி, தப்புதான். மொத போன்ல கேக்கல, ஒத்துக்கிடுதேன். ஆனா ரெண்டாவது போன்ல கேட்டேனே?"

"எந்த ரெண்டாவது போனு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்கதான அண்ணாச்சி பேசுனிய? மொத போன வச்சிட்டு லைன் விடப் போறேன், மறுபடி மணி அடிக்கி. ஏழுமலை பேசறேன்னிய. எனக்குச் சந்தேகம், இப்பத்தான ஒரு ஏழுமலை பேசுனாருன்னு. எந்த ஏழுமலைன்னு கேட்டேன். கரண்ட் ஏழுமலைன்னிய. நம்பர் கேட்டேன், பதினேழுன்னு கரெக்டா சொன்னிய."

"அப்பறம்?"

"ஒரு நிமிஷம் இருங்க, பேரு எறங்கட்டும்னிய. எனக்கு ஒண்ணும் புரியல. யாரோட பேரு, எதுலேர்ந்து எறங்கணும்? சரி ஒரு நிமிஷம்தானேன்னு கடிகாரத்தப் பாத்துட்டு நின்னேன், அப்புறம் விட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார், "அண்ணாச்சி, பேருன்னா யாரு?"

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தேன். பதினேழு என்ற நம்பர் தாஸுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், என் உள்ளங்கையில் அது வேர்வையில் கலங்கி நீலமாக இருந்தது. என் போனை எடுத்துப் பார்த்தேன். சப்ஸ்டேஷனுக்கு ஒரே ஒரு அழைப்பு, நான் எல்.சி. கேட்டது. இரண்டாவது அழைப்பு இல்லை. சப்ஸ்டேஷன் போனோ பழைய லேண்ட்லைன், யார் பேசினார் என்று அதில் ஒன்றும் தெரியாது. தாஸின் மீது நான் புகார் எழுதவில்லை. எழுதினால் என்னவென்று எழுதுவது, எர்த் ராடு மாட்டாமல் தனியாக ஏறினவன் நான், இறங்கச் சொன்னவன் யார் என்று கேட்டால் என்ன சொல்வது?

பயந்தேனா என்றால் அன்றைக்குப் பயப்படவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் குரல்காரன் மேல் கோபம். அட, இவ்வளவு தெரிந்தவன் "லைன் வுடாதே"ன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா? ஒரு நிமிஷம் இருங்கவாம். நான் பீடியைப் பற்ற வைக்காமல் நேராக மேலே ஏறியிருந்தால் அந்த ஒரு நிமிஷம் என்னத்துக்கு ஆகும்? பெண்டாட்டியிடம் இதைச் சொல்லிச் சொல்லி அவனைத் திட்டினேன். அவள் செல்வி, வாயாடி, "உசுரக் குடுத்தவன எவனாச்சும் திட்டுவானா?" என்றாள். ஒன்று மட்டும் நடந்தது, அன்றோடு பீடியை விட்டேன். வாயில் வைத்தாலே அந்த நீல வெளிச்சம் ஞாபகம் வந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். தை மாதம் என் பெண் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அவள் பாட்டுக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்விடுவாள் என்று, செல்வியின் போனை வாங்கி வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். நான் அதிலெல்லாம் பேசினதே கிடையாது. "பஸ் ஸ்டாண்டுக்குப் போவாத, முன்னாடி ஸ்டாப்லயே எறங்கு, அப்பா அங்க நிக்கறன், எறங்கு" என்று ஏதோ பேசினேன். போயிருக்கிறதா என்று பார்க்க செல்வி அதைத் தட்டினாள். என் கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பு கீழே விழுந்தது.

"யாருடி இது?" என்றேன்.

"இன்னாய்யா கேக்கற? உன் கொரலு உனக்கே தெரியலியா?"

நமக்கு நம் குரல் தெரியாது. இதை யோசித்துப் பாருங்கள். வயசு ஐம்பதை நெருங்குகிறது, அந்த "எறங்கு"வை நான் வெளியிலிருந்து கேட்டது என் வாழ்க்கையில் இரண்டே இரண்டு தடவைதான். ஒன்று கம்பத்தின் மேல், இன்னொன்று அந்தப் போனில். செல்வியிடம் மறுபடி போடச் சொன்னேன், மறுபடி, மறுபடி. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை, அவள் கேட்டும் காரணம் சொல்லவில்லை. எனக்குப் பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது, சொன்னால் சிரிப்பீர்கள். அந்த ஊருக்கு எப்போது போனாலும் அந்தக் கம்பத்தடியில் வண்டியை நிறுத்துவேன். அண்ணாந்து, "பேரு! எறங்கு பேரு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் போவேன். கூப்பிட்டது என் குரல் என்றால், என்றைக்காவது ஒருநாள் நான் அதைக் கூப்பிட்டாக வேண்டும் இல்லையா? கூப்பிடாமல் விட்டுவிட்டால் மேலே இருக்கிறவன் கதி? இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். ஜீப் ஏழுமலை ஒருநாள் பார்த்துவிட்டு, "இன்னா பேரு, கம்பத்தோட பேசிக்கினு இருக்க?" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும்.

சித்திரையில் தாஸ் தெற்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போதும் "பேருன்னா யாருன்னு கடைசிவரை சொல்லல பாத்தியளா அண்ணாச்சி" என்றார்.

போன கார்த்திகை. தெருவிளக்கு ஒன்று எரியவில்லை என்று அந்த ஊருக்குப் போனேன், ஹெல்பர் ஊருக்குள் முன்னால் போய்விட்டான். அதே மாதிரி பனி. மணியைப் பார்க்கவில்லை, பகல், பதினொன்றுக்குமேல் இருக்கும். கம்பத்தடியில் வண்டியை நிறுத்தினேன். பழக்கப்படி, எதையும் யோசிக்காமல், "பேரு! எறங்கு பேரு" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைக்கப் போனேன்.

மேலேயிருந்து, பனிக்குள்ளிருந்து, எரிச்சலாக ஒரு குரல்.

"யாரு பேரு அது? ஜீப்பா?"

அண்ணாந்து பார்த்தேன். பாதிக் கம்பத்துக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. வாயிலிருந்து சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் வந்தது. அழுதுகொண்டே கத்தினேன், என்ன கத்தினேன் என்று உங்களுக்கே தெரியும். கத்திவிட்டு ஓடினேன். டவர் பாறைக்கு, ஈரத்தில் செருப்பு பட்பட்டென்று அடிக்க, ஓடினேன். பாறைமேல் நின்று சப்ஸ்டேஷன் நம்பரை அழுத்தினேன், இரண்டு தடவை தப்பாகப் போனது.

எடுத்தார்கள். "ஏழுமலை பேசறன்" என்றேன்.

"எந்த ஏழுமலை?"

தாஸ். மாற்றலாகிப் போய் எத்தனையோ மாதம் ஆகிவிட்ட தாஸ். அதே குரல், அதே சந்தேகம்.

"கரண்ட் ஏழுமலை."

"நம்பர் சொல்லுங்க அண்ணாச்சி."

"பதினேழு."

அடுத்து என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? லைன் வுடாதே என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது, சத்தியமாக. அவனை எத்தனை நாள் திட்டியிருப்பேன், ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லத் துப்பில்லையா என்று. அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. நான் உயிரோடு இருப்பது அந்த வார்த்தையால். அதில் ஒன்றை மாற்றிவிட்டு, அப்புறம் என்ன ஆகும் என்று யார் எனக்குச் சொல்வார்கள்? எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க. பேரு எறங்கட்டும்" என்றேன். போன் கட்டாகிவிட்டது.

பாறைமேலேயே நின்று காத்திருந்தேன். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று, ஐந்து ஆயிற்று. அந்த டமார் சத்தம் வரவே இல்லை. மில் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன், இப்போது ட்யூட்டியில் இருக்கிற அம்மாதான் எடுத்தார். "காலைலேர்ந்து மலையிலேர்ந்து ஒரு போனும் வரலியே, ஏழுமலை அண்ணே" என்றார். என் போனில் பார்த்தால் சப்ஸ்டேஷனுக்கு இந்த அம்மாவிடம் பேசின ஒரே ஒரு அழைப்புத்தான் இருந்தது. முதலில் தாஸிடம் பேசினது அதில் இல்லை.

கம்பத்துக்குத் திரும்பி நடந்தேன். ஜம்பர் கட்டினது கட்டினபடி இருக்கிறது, கம்பியில் கரண்ட் ஓடுகிறது, மேலே யாரும் இல்லை, கீழேயும் யாரும் இல்லை. எல்லாம் என் மனப்பிராந்தி என்றுதான் நீங்கள் சொல்வீர்கள், நானும் அப்படியே முடிவு கட்டிவிட்டு வண்டியை எடுக்கப் போனேன். அப்போதுதான் புல்லில் பார்த்தேன். இரண்டு இழுப்பு இழுத்த பீடி, அந்த ஈரத்தில் அணையாமல் புகைந்துகொண்டு கிடந்தது. நான் பழைய நாளில் குடித்த அதே பச்சை நூல் பீடி. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மிதித்து அணைக்க எனக்குக் கால் வரவில்லை.